இடுப்பு வரைதான் இழுக்கும்

ஜூன் 24, திங்கள்

விடுப்பு முடிந்து இன்று பள்ளிக்குப் போனேன். ஆசிரியர் அறையில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தார்கள். பள்ளி திறந்தே சில நாள்தான் ஆகிறது, அதற்குள் திருத்துவதற்கு என்ன இருக்கிறதோ.

எட்டாம் வகுப்பில் சொற்களை வாக்கியத்தில் அமைக்கும் பயிற்சி. நேர்ப்பொருளில் ஒன்று, உருவகமாக ஒன்று. வேர், முள், நெருப்பு என்று வரிசையாகப் போய், நாலாவதாகப் புத்தகத்தில் இருந்த சொல் புதைமணல். பக்கத்தைத் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை. பின் பெஞ்சில் ஒருத்தன் எழுந்து, "கணக்குப் பாடம் எனக்குப் புதைமணல்" என்றான். வகுப்பே சிரித்தது, பிறகு என்னைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தியது. நேர்ப்பொருளில் சொல்ல ஒரு கையும் உயரவில்லை. நானே பலகையில் எழுதினேன். "எங்கள் ஆற்றில் புதைமணல் இருக்கிறது." எழுத்து நேராகத்தான் வந்தது.

என் அண்ணன் அறவாழி இந்த மாதம் அந்த ஆற்றில்தான் போனார். பஸ் ஸ்டாண்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கொள்ளிடத்தில் அனுமதித்த ஆழத்துக்கு மேல் மணல் அள்ளுவதைப் படம் எடுத்துக் கலெக்டர் ஆபீசுக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு நாள் விடியற்காலையில் கேமராவோடு கிளம்பியவர் திரும்பவில்லை. இயந்திரம் தோண்டிப்போட்ட ஒரு பள்ளம், மேலே பார்த்தால் ஈரமணல், அடியில் கூழ். அதன் ஓரத்தில் கேமரா பையும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. தீயணைப்புக்காரர்கள் மூங்கில் கழியை விட்டுத் துழாவினார்கள், கயிறு கட்டி இறங்கினார்கள், பிறகு போய்விட்டார்கள். உடல் கிடைக்கவில்லை.

ஜூன் 26, புதன்

அண்ணி அழவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாளே தவிர, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நான்தான் வாசலில் விழுந்து புரண்டேன், வாந்தி எடுத்தேன், என்னைத்தான் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். கணவனைப் பிரிந்து வந்த என்னை ஒரு சொல் கேட்காமல் மாடி அறையைத் திறந்துவிட்டவர் அண்ணன்.

தாலியை எப்போது இறக்குவது என்று பெரியவர்கள் பேச்செடுத்தார்கள். "உடம்பு கெடைக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள் அண்ணி. இன்று அண்ணன் சட்டைகளை எல்லாம் துவைத்து, இஸ்திரி போட்டு, பீரோவில் அடுக்கிவைத்தாள்.

ஜூன் 28, வெள்ளி

மணல் குவாரி வேதரத்தினம் வீட்டுக்கு வந்தான். ஆப்பிள், ஹார்லிக்ஸ், கூட இரண்டு ஆட்கள். அண்ணனின் ஸ்கூட்டரை இரண்டு தடவை லாரி விட்டு இடித்தது யார் என்று ஊருக்கே தெரியும். நான் மாடியிலேயே இருந்திருப்பேன், அண்ணி கூப்பிட்டதால் இறங்கினேன்.

அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டை அளந்தான். செருப்பு விடும் இடத்தைப் பார்த்தான், கொடியைப் பார்த்தான், சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். உடம்பு கிடைக்காவிட்டால் மனசு ஆறாது என்றான். இரண்டு முறை சொன்னான். அனுதாபமாகத் தெரியவில்லை, எதையோ நோட்டம் விடுவதாகத்தான் பட்டது.

அண்ணி அவனுக்குக் காபி கொடுத்தாள். நல்ல டபராவில். எதற்கு?

ஜூலை 2, செவ்வாய்

மதியம் அறிவியல் ரெஜினா டீச்சரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், புதைமணல் மனிதனை எவ்வளவு ஆழம் கொண்டுபோகும் என்று. யாருக்காகக் கேட்கிறேன் என்பதை மறந்து, பாடம் நடத்துகிற வேகத்தில் சொல்லிவிட்டார். "அது முழுசா விழுங்காதுங்க. ஈரமணலைவிட நம்ம உடம்பு லேசு. இடுப்பு வரைதான் இழுக்கும், அதுக்கு மேல மெதக்கும். மாட்டிக்கிட்டு வெளிய வர முடியாம, தண்ணி ஏறி வந்து மூடினாத்தான் ஆபத்து." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். பள்ளத்தின் கரை சரிந்தால் மூடிவிடும், அப்படியும் ஆகியிருக்கலாம் என்று ஏதேதோ சேர்த்துச் சொன்னார்.

ஜூனில் ஆற்றில் தண்ணீர் இல்லை. கரை சரிந்த தடயம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

ஜூலை 3, புதன்

இடுப்பு வரைதான்.

ஜூலை 5, வெள்ளி

அண்ணி கும்பகோணத்துக்குக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக் காலை பஸ்ஸில் போனாள். போன வெள்ளியும், வேதரத்தினம் வந்துபோன கையோடு, இப்படித்தான் போனாள். நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்தபோது நெற்றியில் விபூதி இல்லை, குங்குமம் இல்லை, கையில் பிரசாதம் இல்லை. போகும்போது கனமாக இருந்த பை வரும்போது ஒன்றுமில்லாமல் மடங்கிக் கிடந்தது.

கேட்டேன். கூட்டம், தள்ளிவிட்டார்கள் என்றாள். ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை அப்படி என்ன கூட்டம்?

ஜூலை 8, திங்கள்

காலையில் மோட்டார் கொட்டகைக்குள் அண்ணி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். வெளியே நின்றிருந்தேன். வார்த்தை கேட்கவில்லை, குரல்தான் கேட்டது. புருஷனை இழந்தவள் பேசுகிற குரல் இல்லை. நடுவில் சிரித்த மாதிரிகூட இருந்தது. என்னைப் பார்த்ததும் மாவு மெஷின்காரன் என்றாள். அவள் கையில் இருந்தது அவளுடைய போன் இல்லை, பழைய பட்டன் போன்.

குழம்பில் புளியே இல்லை. அண்ணனுக்கு வயிற்றுப்புண், புளி ஆகாது. அவருக்காகச் சமைத்த கை, பழக்கம் போகவில்லை போலிருக்கிறது. இரண்டு பேருக்கு இவ்வளவு குழம்பு எதற்கு என்றுதான் புரியவில்லை.

ஜூலை 11, வியாழன்

அண்ணி குளிக்கும்போது பீரோவைத் திறந்து பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டைகளில் பாதி இல்லை. கட்டம் போட்டது, பொங்கலுக்கு நான் எடுத்துக்கொடுத்த நீலம், இரண்டும் இல்லை. லுங்கியும் இல்லை.

என் அண்ணன் சட்டையை எவனோ போட்டுக்கொண்டு திரிகிறான். இந்த வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறான். அவனும் இவளும் சேர்ந்து என்ன செய்துவிட்டு அந்தச் செருப்பைக் கொண்டுபோய்ப் பள்ளத்தோரம் போட்டார்களோ. யாரிடம் சொல்வது? கீழே அவள் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கிறது. அவள் போட்டுக் கொடுத்த பாலைக் குடிக்காமல் வாஷ்பேசினில் ஊற்றினேன். அண்ணன் போனதிலிருந்து நானும் இடுப்பு வரை இறங்கித்தான் நிற்கிறேன். அசைந்தால் இன்னும் இறங்குகிறது.

ஜூலை 12, வெள்ளி

பள்ளியில் பர்மிஷன் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அண்ணன் இறந்ததில் சந்தேகம் இருக்கிறது, அண்ணி சுகுணாவை விசாரிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் நிதானமாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்தில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வெளியே வரும்போது வேதரத்தினத்தின் கார் ஸ்டேஷன் மரத்தடியில் நின்றது.

ஜூலை 15, திங்கள்

அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தெருவே நின்று பார்த்தது. சாயங்காலம் திரும்பி வந்தாள். முகம் கழுவிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய் தோசை ஊற்றினாள். என் தட்டில் வைத்துவிட்டு, "நீதான் எழுதிக் குடுத்தியாமே மணி" என்றாள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சட்னி போதுமா?" என்றாள்.

ஜூலை 17, புதன்

பள்ளத்தைத் தோண்டப் போகிறார்களாம். என் மனுவை வைத்துத்தான். வருகிற திங்கட்கிழமை, மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்வதற்கு முன்னால். பொக்லைன் வேதரத்தினம் கொடுக்கிறான், டீசலும் அவனே. அவனுக்கு என்ன இவ்வளவு அக்கறை?

சாயங்காலம் இதைக் கேட்டதும் அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளில் அவள் பயந்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. பிடிபட்டுவிட்டாள் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு லீவு போடு. என்கூட ஒரு எடத்துக்கு வா" என்றாள். எங்கே என்று கேட்டதற்கு, எழுந்துபோய் டிபன் கேரியரை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

ரெஜினா டீச்சருக்குப் போன் செய்து, நாளை அண்ணியோடு வெளியே போகிறேன், சாயங்காலத்துக்குள் நான் கூப்பிடாவிட்டால் ஸ்டேஷனில் சொல்லுங்கள் என்று சொல்லிவைத்தேன்.

ஜூலை 18, வியாழன்

போய் வந்தோம். வந்துவிட்டேன் என்று மட்டும் ரெஜினா டீச்சருக்குப் போனில் சொன்னேன். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். இரண்டு பஸ் மாறினோம். அண்ணி டிபன் கேரியரை மடியிலேயே வைத்திருந்தாள். நான் கதவோர இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன், ஓட வேண்டி வந்தால் ஓடலாம் என்று.

ஒரு சந்து. ஓட்டு வீடு. அண்ணி கதவைத் தட்டவில்லை, பெயரும் சொல்லவில்லை, இருமினாள். கதவு திறந்தது. திறந்தவரைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. தாடி வைத்திருந்தார். பொங்கலுக்கு எடுத்த நீலச் சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்த்து "மணி" என்றார். மணிமொழி என்ற என்னை மணி என்று கூப்பிடுகிறவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

கையை ஓங்கிவிட்டேன். அண்ணி பிடித்துக்கொண்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து சாதம் பரிமாறினேன். புளி இல்லாத குழம்பு. அவர் சாப்பிட்டார்.

அன்றைக்கு ஆற்றுக்குள் அவருக்காக வேதரத்தினத்தின் ஆட்கள் காத்திருந்தார்களாம். நாணலுக்குள் படுத்துக்கொண்டு அவர்கள் பேசியதை முழுக்கக் கேட்டிருக்கிறார், தன்னை எங்கே போட்டு மூடுவது என்பது உட்பட. அவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் அதே பள்ளத்தோரம் பையையும் செருப்பையும் விட்டுவிட்டு, ஒற்றைக் காலில் செருப்பில்லாமல் அக்கரைக்கு நடந்திருக்கிறார். அந்த ஆட்கள் பேசியதை எந்தப் போலீசிடம் சொல்வது என்றார். எனக்கு ஸ்டேஷன் மரத்தடியில் நின்ற கார் ஞாபகம் வந்தது.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன். அவர் அண்ணியைப் பார்த்தார், அண்ணி சுவரைப் பார்த்தாள்.

"உங்கிட்ட சொல்லியிருந்தா நீ அழுதிருக்க மாட்ட மணி. நீ அழுததப் பாத்துத்தான் ஊரு நம்புச்சு" என்றாள் அண்ணி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நானும் அண்ணியும் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருந்தோம். என் கண்ணீரை இவர்கள் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவர் உயிரோடு இருப்பதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம்தான். ஆனால் வாசலில் கிடந்து புரண்ட அந்த ஒருத்தியை நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

ஜூலை 19, வெள்ளி

ஸ்டேஷனுக்குப் போய் மனுவைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். வீட்டுப் பங்கு விஷயத்தில் அண்ணியோடு மனத்தாங்கல், கோபத்தில் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் சிரித்தார். உத்தரவு மேலே போய் வந்துவிட்டது, இனி நிறுத்த முடியாது, தோண்டினால் உங்களுக்கும் நிம்மதிதானே என்றார்.

ஜூலை 22, திங்கள்

தோண்டினார்கள். கரை முழுக்க ஜனம். அண்ணியும் நானும் வேப்பமரத்தடியில் நின்றோம். பொக்லைன் அள்ள அள்ள, கூழ்மணல் மறுபடி உள்ளே வழிந்தது. மதியத்துக்கு மேல்தான் கெட்டியான தரை தெரிந்தது. ஒரு கிழிந்த சாக்கு, பாட்டில்கள், ஒரு ஆட்டின் எலும்பு. வேறொன்றும் இல்லை.

வேதரத்தினம் எங்களிடம் நடந்து வந்தான். அண்ணியை விட்டுவிட்டு என் முகத்தை மட்டும் பார்த்தான்.

"ஒண்ணுமே இல்லியேம்மா. அப்ப ஆளு எங்க போனாரு?"

நான் அழுதேன். வரவழைத்துத்தான் அழுதேன். முன்பு அழுத மாதிரி வரவில்லை என்று எனக்கே தெரிந்தது. அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜூலை 24, புதன்

தெருமுனை டீக்கடையில் இரண்டு நாளாக ஒரு பைக் நிற்கிறது. அண்ணி வெளியே கிளம்பினால் அதுவும் கிளம்புகிறது. பட்டன் போனை அண்ணி உடைத்துக் குப்பையில் போட்டாள். இந்த வெள்ளி கோயில் கிடையாது.

எட்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்தினேன். யாருக்கு என்ன மதிப்பெண் போட்டேன் என்று தெரியவில்லை.

ஜூலை 27, சனி

தண்ணீர் வந்துவிட்டது. பள்ளம், மேடு, பொக்லைன் தடம் எல்லாம் மூடிப்போய் ஆறு ஒரே செம்மண் நிறமாகப் போகிறது.

ஜூலை 29, திங்கள்

வகுப்பில் இருந்தபோது ஸ்டேஷனிலிருந்து போன். ஆற்றில் கீழே உள்ள மதகில் ஒரு ஆண் உடல் ஒதுங்கியிருக்கிறது, வந்து பார்க்க வேண்டும்.

அண்ணியை வர வேண்டாம் என்றேன். நான் தனியாகப் போனேன். ஆஸ்பத்திரிப் பின்கட்டில் துணியை விலக்கினார்கள். முகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நான் காலைத்தான் பார்த்தேன். கால் நகங்களை யாரோ ஒழுங்காக வெட்டியிருந்தார்கள். அவனே வெட்டிக்கொண்டிருப்பான், அல்லது வீட்டில் யாராவது.

டாக்டர், ஒரு மாதத்துக்கு மேல் ஆன உடல் போலத் தெரியவில்லையே என்று இழுத்தார். தோண்டாத இடத்து மணலுக்குள் இருந்தால் கெடுவதற்கு நாளாகும், வெள்ளம் இப்போதுதான் கிளப்பியிருக்கும் என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்கு இந்த வழக்கு முடிந்தால் போதும் என்று இருந்தது. அடையாளம் ஏதாவது உண்டா என்று என்னைக் கேட்டார்.

முழங்காலில் தழும்பு, சின்ன வயதில் சைக்கிளில் விழுந்தது என்றேன். இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிற நிலையில் அந்தத் தோல் இல்லை. யாரும் குனியவும் இல்லை.

"சந்தேகம் எதுவும் இல்லையேம்மா? சந்தேகப்பட்டு மனு குடுத்ததே நீங்கதான். நீங்க சொன்னா சரி."

"எங்க அண்ணந்தான்" என்றேன்.

ஜூலை 30, செவ்வாய்

தகனம் முடிந்தது. பங்காளி முறையில் ஒருவர் கொள்ளி வைத்தார். வேதரத்தினம் பெரிய ரோஜா மாலை போட்டான், தலைமாட்டில் கை கட்டி நின்றான், சிதை எரிகிற வரை இருந்துவிட்டுப் போனான்.

வீட்டில் பெண்கள் அண்ணியை உட்காரவைத்துத் தாலியை இறக்கினார்கள். அண்ணி அலறினாள். கழுத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்று கத்தினாள். இத்தனை நாள் கல் மாதிரி இருந்தவள் இப்போதுதான் உடைந்தாள் என்று தெருவே கண்ணைத் துடைத்துக்கொண்டது. அவள் எதற்கு அழுதாள் என்பது எனக்குத் தெரியும். அவள் மடியில் தலை வைத்து நானும் அழுதேன். இந்த முறை வரவழைக்கவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. தெருப் பெண்கள் எல்லோரும் புதுக் கயிறு மாற்ற ஆற்றங்கரைக்குப் போனார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இட்லிக்கு மாவு ஆட்டினோம்.

டீக்கடையில் பைக் இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அண்ணி தன் அம்மா வீட்டோடு போய்விட்டாள். ஊரில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஒரு பெட்டி, ஒரு பை. பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்து, "நீயும் வந்துரேன் மணி" என்றாள். நானும் போனால் ஊர் யோசிக்கும். வேலை இருக்கிறது அண்ணி, காலாண்டுத் தேர்வு வருகிறது என்றேன்.

என் அண்ணன் அறவாழி கொள்ளிடத்தில் புதைமணலில் சிக்கி இறந்துபோனார். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலையில் துணி துவைத்தேன். தொட்டி கழுவினேன்.

பதினோரு மணிவாக்கில் ஒரு பெண் வந்தாள். என் வயது இருக்கும். முசிறிப் பக்கத்து ஊர். தம்பியைக் காணவில்லையாம். ஆறு ஓடுகிற ஊர் ஒவ்வொன்றாக ஸ்டேஷனில் விசாரித்துக்கொண்டே வருகிறாள். இங்கே வந்து கேட்டபோது, மதகில் ஒரு உடல் ஒதுங்கியது, ஆனால் அதைச் சொந்தக்காரர் அடையாளம் காட்டி வாங்கிப்போய்விட்டார் என்று சொல்லி என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். பையிலிருந்து தம்பியின் போட்டோவை எடுக்கப் போனாள். வேண்டாம், எனக்கு மனசு தாங்காது என்றேன். அவளுக்கு அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும், மறுபடி உள்ளே வைத்துக்கொண்டாள். அவள் தம்பியின் பெயரை நான் கேட்கவில்லை. எப்போது காணாமல் போனான், உயரமா குட்டையா, ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

"முழங்கால்ல தழும்பு இருந்துச்சுன்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க. எந் தம்பிக்குத் தழும்பெல்லாம் கெடையாதுங்க. இருந்தாலும் உங்க வாயால ஒருதடவ கேட்டுட்டுப் போயிரலாம்னு வந்தேன். தழும்பு நல்லாத் தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுதுங்க" என்றேன். "அது எங்க அண்ணந்தான்."

அவள் பெருமூச்சு விட்டாள். அடுத்தவர் சாவு வீட்டில் சந்தோஷப்படக் கூடாது என்று முகத்தை அடக்கிக்கொண்டாள், ஆனால் அடங்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அண்ணனைப் பறிகொடுத்த நேரத்தில் தொந்தரவு செய்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டாள். நான் வாசல் வரை போனேன். வந்தபோது காலை இழுத்து இழுத்து நடந்தவள் இப்போது வேகமாகப் போனாள். தெருமுனைக்குப் போனதும் நின்று போனை எடுத்தாள். அவள் பேசியது இங்கே வரை கேட்டது.

"அவன் இல்லம்மா. நல்லா விசாரிச்சுட்டேன், அது அவன் இல்ல. எந்திரிச்சுக் கொஞ்சம் சாப்பிடு."